ஒரு கிலோகிராமும் மூன்று மாறிலிகளும் – குவாண்டமும் ஈர்ப்பும் சந்தித்த வரலாறு



நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு நாள் பொருண்மை என்னும் தலைப்பைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். தராசின் ஒரு தட்டில் அரிசிப் பொட்டலம். மறுதட்டில் 1 கிலோகிராம் படிக்கல். தட்டுகள் சமமாக நின்றதும் மாணவர்கள் கைதட்டினர். ஒரு மாணவன் மட்டும் கையை உயர்த்திக் கேட்டான்: "ஐயா, இந்தப் படிக்கல் சரியான 1 கிலோதான் என்று யார் நிறுத்துப் பார்த்தது?"

"தொழிற்சாலையில் பார்த்திருப்பார்கள்" என்றேன். "அந்தத் தொழிற்சாலைக் கல்லை யார் பார்த்தது?" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கேட்ட கேள்வியைத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பேரறிஞர்களும் கேட்டார்கள். விடை தேடிப் புறப்பட்டவர்கள், அணுவின் உலகத்தையும் விண்மீன்களின் உலகத்தையும் ஒரே கயிற்றில் கட்ட வேண்டிய இடத்திற்கு வந்து சேர்ந்தார்கள். அந்த முடிச்சு இன்றளவும் முழுமையாகப் போடப்படவில்லை. அந்த வரலாற்றையே இங்கே எழுதுகிறேன்.

பாரிசில் ஓர் உலோக உருளை

மாணவனின் கேள்வியைப் பின்தொடர்ந்து போனால், 2019 வரைக்கும் நாம் பாரிசுக்கு அருகிலுள்ள செவ்ர் என்னும் ஊரில்தான் போய் நின்றிருப்போம். அங்குள்ள பன்னாட்டு எடை அளவைகள் அலுவலகத்தில், பிளாட்டினமும் இரிடியமும் கலந்து வார்த்த சிறிய உருளை ஒன்று கண்ணாடிக் கூடுகளுக்குள் பாதுகாக்கப்பட்டிருந்தது. 1889ஆம் ஆண்டு நடந்த முதலாவது எடை அளவைகள் பொது மாநாடு அதனையே கிலோகிராம் என அறிவித்தது. உலகின் எல்லாப் படிக்கற்களுக்கும் அதுவே மூலம். அதனை நிறுத்துப் பார்க்க வேறு கல் இல்லை.

இங்கேதான் ஐயம் எழுந்தது. உலோகம் தேயும்; அழுக்குப் படியும்; தீ விபத்தில் உருகியும் போகலாம். மனிதன் செய்த பொருளை நம்பி இயற்கையை அளப்பது முறையா?

ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1870ஆம் ஆண்டு லிவர்பூல் நகரில் ஆற்றிய உரையில் இதனைத் தொட்டுப் பேசினார். பூமியின் அளவும் அது சுழலும் காலமும் மாறக்கூடியவை. என்றும் மாறாத அளவுகோல் வேண்டுமெனில் அணுக்களிடமும் மூலக்கூறுகளிடமும் போக வேண்டும் என்பது அவர் கருத்து. 1874ஆம் ஆண்டு ஜார்ஜ் ஜான்ஸ்டன் ஸ்டோனி என்னும் ஐரிஷ் அறிஞர் ஒரு படி மேலே சென்றார். ஒளியின் வேகம், நியூட்டனின் ஈர்ப்பு மாறிலி, மின்னேற்றத்தின் மிகச் சிறிய அலகு ஆகிய மூன்றைக் கொண்டே நீளம், காலம், பொருண்மை ஆகியவற்றுக்கு அலகுகள் அமைத்துக் காட்டினார். அந்த மின்னேற்ற அலகுக்குப் பின்னாளில் 'எலக்ட்ரான்' என்று பெயரிட்டவரும் இவரே.

1899: பிளாங்கின் நான்கு எண்கள்

அடுத்த படியை எடுத்து வைத்தவர் பெர்லின் பேராசிரியர் மாக்ஸ் பிளாங்க். சூடான பொருள்கள் வெளியிடும் ஒளியை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த ஒளியின் பகிர்வை விளக்கும் சூத்திரத்தில் இரண்டு புதிய மாறிலிகள் தேவைப்பட்டன. அவற்றுள் ஒன்றையே இன்று பிளாங்க் மாறிலி என்கிறோம். அதற்கு 1899இல் அவர் கண்ட மதிப்பு, இன்றைய மதிப்பிலிருந்து சுமார் 4 விழுக்காடு மட்டுமே விலகியிருந்தது.

1899 மே மாதம் பிரஷ்ய அறிவியல் கழகத்தில் அளித்த கட்டுரையின் இறுதிப் பகுதியில் பிளாங்க் ஒரு புதுமை செய்தார். தம்முடைய இரண்டு மாறிலிகளோடு ஒளிவேகத்தையும் ஈர்ப்பு மாறிலியையும் சேர்த்து வைத்துப் பெருக்கியும் வகுத்தும் பார்த்தார். அவற்றிலிருந்து ஒரு நீளம், ஒரு பொருண்மை, ஒரு காலம், ஒரு வெப்பநிலை என நான்கு அலகுகள் கிடைத்தன. மனிதனின் கால், கை, பூமியின் சுற்றளவு, தண்ணீரின் எடை என்று எதையும் சாராத அலகுகள் அவை. எல்லாக் காலத்திற்கும் எல்லாப் பண்பாட்டிற்கும், மனிதரல்லாத வேற்றுலக உயிர்களுக்குங்கூட அவை பொருந்தும் என்று அவர் எழுதினார்.

மாறிலிகளைப் பெருக்கி வகுத்தால் எப்படி அலகு கிடைக்கும் என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். ஓர் எளிய எடுத்துக்காட்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி 2 மணி நேரம் ஓடினால் 120 கிலோமீட்டர் போகும். வேகத்தையும் காலத்தையும் பெருக்கியதும் மணி என்னும் அலகு மறைந்து, கிலோமீட்டர் மட்டும் எஞ்சுகிறது. அவ்வாறே ஒளிவேகத்திலும் பிளாங்க் மாறிலியிலும் ஈர்ப்பு மாறிலியிலும் மீட்டர், கிலோகிராம், வினாடி ஆகிய மூன்றும் வெவ்வேறு விதமாகக் கலந்துள்ளன. தக்கபடி சேர்த்தால் மற்றவை மறைந்து மீட்டர் மட்டும் எஞ்சும். வேறு விதமாகச் சேர்த்தால் கிலோகிராம் மட்டும் எஞ்சும்.

அந்த அலகுகளின் அளவுகளோ வியப்பூட்டுபவை. இன்றைய கணக்கின்படி பிளாங்க் நீளம் என்பது 1.6 மீட்டரை, 1க்குப் பின் 35 சுழியங்கள் கொண்ட எண்ணால் வகுத்தால் வருவது. ஒரு பிளாங்க் நீளத்தை 1 மீட்டராகப் பெரிதாக்கினால், அணுக்கருவிலுள்ள ஒரு புரோட்டான் ஏறக்குறைய 10,000 ஒளியாண்டு அகலமாகிவிடும்! பிளாங்க் பொருண்மை மட்டும் நம் கைக்கெட்டும் அளவினது. அது சுமார் 22 மைக்ரோகிராம். அதாவது, ஓர் அரிசி மணியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் அணுத்துகள்களின் உலகில் அது மலை. ஒரு புரோட்டானைப் போல அது ஏறத்தாழ 13க்குப் பின் 18 சுழியங்கள் இட்ட மடங்கு கனமானது.

ஒரு செய்தியை நாம் கவனிக்க வேண்டும். சக்தி துணுக்குத் துணுக்காகவே வெளிப்படுகிறது என்னும் குவாண்டம் கருத்துக்கு அடிப்படையான தம் கட்டுரையைப் பிளாங்க் 1900 டிசம்பர் 14ஆம் நாள்தான் படித்தார். அதாவது, குவாண்டம் கோட்பாடு பிறப்பதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே, அதன் மாறிலி ஈர்ப்பு மாறிலியோடு கைகோத்துவிட்டது. ஆனால் அந்தக் கைகோப்பின் பொருள் என்னவென்று அப்போது எவருக்கும் விளங்கவில்லை, பிளாங்குக்கும் விளங்கவில்லை.

முதல் எச்சரிக்கை

1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தம் பொதுச் சார்பியல் கோட்பாட்டை நிறைவு செய்தார். ஈர்ப்பு என்பது காலவெளியின் வளைவு என்று அது கூறியது. அடுத்த ஆண்டே, ஈர்ப்பு அலைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், அவர் தம் கோட்பாட்டின் எல்லையைத் தாமே சுட்டினார். அணுவுக்குள் எலக்ட்ரான்கள் இயங்குகின்றன. எனவே அவை மிகச் சிறு அளவிலேனும் ஈர்ப்பு அலைகளாகச் சக்தியை இழந்தாக வேண்டும். அணுக்கள் அப்படி இளைத்துப் போவதில்லை. ஆகவே குவாண்டம் கோட்பாடு மின்காந்தவியலை மட்டுமன்றி, புதிய ஈர்ப்புக் கோட்பாட்டையும் திருத்த வேண்டியிருக்கும் என்றார் அவர். தாம் கட்டி முடித்த வீட்டில் சாந்து உலருமுன்னரே விரிசல் வரக்கூடிய இடத்தைக் காட்டிய நேர்மை அது.

1918இல் ஆர்தர் எடிங்டன் என்னும் கேம்பிரிட்ஜ் வானியலறிஞர், மூன்று மாறிலிகளும் சேர்ந்து தரும் அந்த மிகச் சிறிய நீளம் ஏதோ ஓர் அடிப்படைக் கட்டமைப்பின் திறவுகோலாக இருக்க வேண்டும் என்று எழுதினார். எடிங்டன் என்னும் இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மீண்டும் வருவார்.

கப்பலில் ஒரு தமிழ் இளைஞர்

1930 ஜூலை 31ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் புறப்பட்ட கப்பலில் 19 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் இருந்தார். லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, கேம்பிரிட்ஜில் மேற்கல்வி கற்கச் சென்றுகொண்டிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர். எரிபொருள் தீர்ந்த விண்மீன்கள் என்ன ஆகின்றன என்னும் கேள்வியோடு அவர் பயணம் செய்தார்.

அத்தகைய விண்மீன் தன் ஈர்ப்பினாலேயே சுருங்கி வெண்குறுமீன் ஆகிறது. அது மேலும் நொறுங்காமல் தாங்குவது எது? 1926இல் ஃபௌலர் விடை தந்திருந்தார். இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருத்தல் இயலாது என்பது குவாண்டம் விதி. நெருக்க நெருக்க அவை வேகமெடுத்து எதிர்த்துத் தள்ளும். அந்தத் தள்ளலே விண்மீனைத் தாங்குகிறது.

சந்திரசேகர் கண்டது இதுதான்: கனமான விண்மீனின் நடுவே எலக்ட்ரான்களின் வேகம் ஒளிவேகத்தை நெருங்கிவிடும். ஒளிவேகத்தைத் தாண்ட எதனாலும் முடியாது. ஆகவே ஓர் எல்லைக்கு மேல் அந்தத் தள்ளல் போதாமற்போகும், ஈர்ப்பு வெல்லும். கணக்கிட்டபோது அந்த எல்லைப் பொருண்மை கிடைத்தது. இன்று அதனைச் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்கிறோம். எஸ்தோனியாவில் ஆண்டர்சனும் இங்கிலாந்தில் ஸ்டோனரும் ஏறத்தாழ அதே காலத்தில் இத்தகைய எல்லையைக் கண்டிருந்தனர் என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும், விண்மீனின் உள்ளமைப்பு முழுவதையும் கணக்கிட்டு நிறுவியவர் சந்திரசேகர்.

இந்த எல்லையைத் தருபவை எவை என்று பாருங்கள். குவாண்டம் விதிக்குப் பிளாங்க் மாறிலி. எலக்ட்ரானின் வேகத்திற்கு ஒளிவேகம். நசுக்கும் விசைக்கு ஈர்ப்பு மாறிலி. பிளாங்க் பொருண்மையை மூன்று முறை பெருக்கி, புரோட்டானின் பொருண்மையால் இரு முறை வகுத்தால் வருவது சூரியனைப்போல் ஏறக்குறைய 1.85 மடங்கு. சந்திரசேகர் எல்லை அதற்கு மிக அண்மையில் நிற்கிறது. பிளாங்க் 1899இல் பெற்ற அரிசித் துகள் அளவான எண், வானத்து விண்மீன்களின் தலைவிதியை எழுதிக்கொண்டிருந்தது! மூன்று மாறிலிகளும் சேர்ந்து இயற்கையில் செய்யும் வேலை முதன்முதலாக வெளிப்பட்ட இடங்களுள் இது தலையானது.

1935 ஜனவரி 11ஆம் நாள் இலண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிவை விளக்கினார். அவருக்குப் பின் எழுந்த எடிங்டன், விண்மீன் இப்படி முடிவின்றி நொறுங்குவதை இயற்கை அனுமதிக்காது என்று கூறி அம்முடிவை எள்ளி நகையாடினார். மூன்று மாறிலிகளும் சேர்ந்தால் ஏதோ ஓர் உண்மை வெளிப்படும் என்று 1918இல் எழுதிய அதே எடிங்டன், அந்த உண்மை வாசலில் வந்து நின்றபோது கதவைத் திறக்கவில்லை. சந்திரசேகர் பின்னர் அமெரிக்கா சென்று வேறு துறைகளில் உழைத்தார். நோபெல் பரிசு 1983இல்தான் வந்தது.

லெனின்கிராடில் மூன்று நண்பர்களும் நான்காமவரும்

இதே காலத்தில் லெனின்கிராடிலும் இந்த மாறிலிகளைப் பற்றிய பேச்சு நடந்துகொண்டிருந்தது. 1928இல் காமோவ், இவானென்கோ, லண்டாவ் என்னும் மூன்று இளைஞர்கள், உலகின் அடிப்படை மாறிலிகளைப் பற்றிப் பாதி விளையாட்டாக ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்த நண்பர் குழுவில் மத்வேய் புரோன்ஸ்டைன் என்பவரும் இருந்தார். உக்ரைனின் வின்னித்சியா நகரில் 1906இல் பிறந்தவர் அவர். நண்பர்களின் விளையாட்டை அவர் வினையாக்கினார்.

1933இல் அவர் இயற்பியல் கோட்பாடுகளுக்கு ஒரு வரைபடம் தந்தார். நியூட்டனின் இயக்கவியலோடு ஒளிவேகத்தைச் சேர்த்தால் சிறப்புச் சார்பியல். ஒளிவேகத்தையும் ஈர்ப்பு மாறிலியையும் சேர்த்தால் பொதுச் சார்பியல். பிளாங்க் மாறிலியை மட்டும் சேர்த்தால் குவாண்டம் இயக்கவியல். மூன்றையும் ஒருங்கே சேர்த்தால்? அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. அதை நிரப்புவதே இயற்பியலின் வருங்காலப் பணி என்று அவர் காட்டினார்.

காட்டியதோடு நில்லாமல் தாமே அதனுள் இறங்கினார். பெல்ஜிய அறிஞர் ரோசன்ஃபெல்ட் 1930இல் ஈர்ப்புக்குக் குவாண்டம் விதிகளைப் பொருத்திப் பார்த்திருந்தார். புரோன்ஸ்டைன் 1935 நவம்பரில் முனைவர் பட்டத்திற்கு அளித்த ஆய்வும், 1936இல் வெளியிட்ட கட்டுரைகளும் அதைவிட ஆழமான ஓர் இடத்தைத் தொட்டன. அவருடைய வாதத்தை எளிமையாகச் சொல்ல முயல்கிறேன்.

ஓர் இடத்தில் மின்புலம் எவ்வளவு என்று அறிய, மின்னேற்றம் பெற்ற சோதனைப் பொருளை அங்கே வைத்து, அது எப்படி நகர்கிறது என்று பார்க்கிறோம். குவாண்டம் விதிப்படி, பார்க்கும் செயலே பொருளைச் சற்று உலுக்கிவிடும். உலுக்கல் தெரியாமலிருக்கப் பொருளைக் கனமாக்கலாம். மின்னேற்றத்தையும் நம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். கொள்கையளவில் அங்கே தடையில்லை. ஈர்ப்புப் புலத்தை அளக்கும்போது என்ன நேர்கிறது? சோதனைப் பொருளைக் கனமாக்கினால், அந்தக் கனமே புதிய ஈர்ப்பை உண்டாக்குகிறது. சிறிய இடத்தில் மேலும் மேலும் பொருண்மையைத் திணித்தால், ஒரு கட்டத்தில் அது தன் ஈர்ப்புக்குள்ளேயே மூழ்கிவிடும். இன்றைய சொல்லில், கருந்துளையாகிவிடும். அளக்கும் கருவியே அளக்க வந்ததை விழுங்கிவிடுகிறது! ஆகவே ஈர்ப்புப் புலத்தை ஓர் எல்லைக்கு மேல் நுணுக்கமாக அளத்தல் இயலாது. இடம், காலம் என்று நாம் வழங்கும் கருத்துகளையே கைவிட்டு, வேறு ஆழ்ந்த கருத்துகளைத் தேட வேண்டியிருக்கலாம் என்று அந்த 29 வயது இளைஞர் முடிவுரைத்தார். இன்று குவாண்டம் ஈர்ப்பை ஆராயும் ஒவ்வொருவரும் அந்த வாசலில்தான் நிற்கின்றனர்.

புரோன்ஸ்டைனுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஆசிரியர்களாகிய நாம் அதனை அறிய வேண்டும். அவர் சிறுவர்களுக்காக அறிவியல் நூல்கள் எழுதினார். புகழ்பெற்ற சிறுவர் எழுத்தாளர் மார்ஷக்கின் குழுவினரோடு சேர்ந்து அவர் எழுதிய 'சூரியப் பொருள்' என்னும் நூல் 1936இல் வெளிவந்தது. ஹீலியம் கண்டுபிடிக்கப்பட்ட கதை அது. முதலில் சூரியனின் ஒளியில் அடையாளம் தெரிந்து, 1895இல்தான் பூமியில் கைக்குக் கிடைத்த பொருள் ஹீலியம். அடுத்து ஊடுகதிர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உலகில் ஒரு சிலரே புரிந்துகொள்ளக்கூடிய கணக்கைப் போட்ட அதே கை, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்படி எழுதியது.

1937 ஆகஸ்டு மாதம், ஸ்டாலின் ஆட்சியின் பெருங்கைதுக் காலத்தில், கீவ் நகரில் பெற்றோர் வீட்டில் இருந்த அவரைப் பிடித்துச் சென்றனர். 1938 பிப்ரவரி 18ஆம் நாள் விசாரணை என்ற பெயரில் ஒரு சடங்கு நடந்தது. அன்றே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 31. அவருடைய மனைவி, எழுத்தாளர் லிடியா சுக்கோவ்ஸ்கயாவிடம், "கடிதத் தொடர்பு உரிமையற்ற பத்தாண்டுச் சிறை" என்றே சொல்லப்பட்டது. அச்சொற்களுக்கு மரணம் என்று பொருள் என்பதை மக்கள் பின்னர்தான் அறிந்தனர். இறந்துபோன கணவரை உயிரோடிருப்பதாக எண்ணி அவர் காத்திருந்தார். 1957இல் அரசு அந்தத் தீர்ப்பை நீக்கியது. 1959இல் 'சூரியப் பொருள்' மீண்டும் அச்சேறியபோது, நண்பர் லண்டாவ் அதற்கு முன்னுரை எழுதினார்.

மூன்று மாறிலிகளின் கட்டத்தை நிரப்பத் துணிந்த முதல் அறிவை உலகம் இப்படித்தான் இழந்தது. அவருடைய கட்டுரைகள் நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தன. ஆராய்ச்சி நின்றுபோவதற்கு அறிவுக் குறைவு மட்டும் காரணமாவதில்லை.

தவறிய ஒரு வழி

1937இல் பால் டிராக் வேறொரு பாதையைக் காட்டினார். எலக்ட்ரானும் புரோட்டானும் ஒன்றையொன்று இழுக்கும் மின்விசை, அவற்றுக்கிடையேயுள்ள ஈர்ப்பைவிட ஏறக்குறைய 2க்குப் பின் 39 சுழியங்கள் இட்ட மடங்கு பெரியது. அண்டத்தின் வயதை அணுவின் கால அலகால் வகுத்தாலும் ஏறத்தாழ அதே அளவான பெரிய எண் வருகிறது. இது தற்செயலாகாது என்று டிராக் கருதினார். அண்டத்தின் வயது கூடிக்கொண்டே போவதால், ஈர்ப்பு மாறிலி மெல்லக் குறைந்துகொண்டே வர வேண்டும் என்றார்.

அழகான கருத்துதான். ஆனால் அழகு ஒன்றே போதுமா? 1948இல் எட்வர்ட் டெல்லர் கேட்டார்: ஈர்ப்பு முன்னாளில் அவ்வளவு வலுவாக இருந்திருந்தால் சூரியன் மிகுதியாக ஒளிர்ந்திருக்கும், பூமியின் கடல்கள் கொதித்திருக்குமே! பின்னர் 1969இல் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான்கள் உறுதியான சான்று தந்தன. பூமியிலிருந்து லேசர் ஒளியை அனுப்பி நிலவின் தொலைவைப் பல்லாண்டுகள் அளந்து வந்ததில், ஈர்ப்பு மாறிலி மாறியதற்கு அடையாளமே இல்லை. டிராக்கின் கருத்துக்குத் தேவைப்பட்ட மாற்றத்தில் நூறில் ஒரு பங்கு இருந்திருந்தாலும் அது தெரிந்திருக்கும். பேரறிஞரின் கருத்தையும் இயற்கையிடம் கேட்டே ஏற்க வேண்டும் என்பதற்கு இதனை நம் மாணவர்களிடம் சொல்லலாம்.

1974, 1975: இரண்டு சந்திப்புகள்

பெக்கென்ஸ்டைன் காட்டிய வழியைத் தொடர்ந்து, 1974இல் ஸ்டீவன் ஹாக்கிங் கருந்துளைகளுக்கும் வெப்பநிலை உண்டு என்று கணித்தார். அந்த வெப்பநிலையின் சூத்திரத்தில் பிளாங்க் மாறிலி, ஒளிவேகம், ஈர்ப்பு மாறிலி, வெப்பத்திற்கான போல்ட்ஸ்மன் மாறிலி ஆகிய நான்கும் இடம்பெறுகின்றன. 1899இல் பிளாங்க் ஒரே கட்டுரையில் ஒன்றுசேர்த்த அதே குடும்பம்! சூரியன் அளவுப் பொருண்மையுள்ள கருந்துளைக்கு அந்த வெப்பநிலை ஒரு பாகையின் கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு. வானத்துக் கருந்துளை எதிலும் அதனை அளக்க முடிந்ததில்லை. 2018இல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் ஹாக்கிங்கின் நினைவுக்கல்லில் அச்சூத்திரமே பொறிக்கப்பட்டது.

1975இல் அமெரிக்காவில் கொலெல்லா, ஓவர்ஹவுசர், வெர்னர் ஆகிய மூவர், கணக்கில் மட்டுமன்றிச் சோதனைச் சாலையிலும் அந்தச் சந்திப்பைக் காட்டினர். நியூட்ரான் கற்றையைச் சிலிக்கான் படிகத்தால் இரண்டாகப் பிரித்து, ஒன்றை மற்றதைவிடச் சில சென்டிமீட்டர் உயரத்தில் செல்லவிட்டு மீண்டும் சேர்த்தனர். உயரத்தில் சென்ற அலை, புவியீர்ப்பால் சற்றே மாறி வந்தது. தேங்காயை விழச்செய்யும் அதே புவியீர்ப்பு, குவாண்டம் அலையையும் தொடுகிறது என்பது கண்ணெதிரே நிறுவப்பட்டது. ஒன்று மட்டும் குறிக்கத்தக்கது. இச்சோதனை ஈர்ப்பில் குவாண்டம் அலை எப்படி நடக்கிறது என்பதையே காட்டியது. ஈர்ப்பே குவாண்டம் தன்மை உடையதா என்பதைக் காட்டவில்லை. அந்தக் கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது.

கிலோகிராமுக்குத் திரும்புவோம்

இனி நம் மாணவனின் கேள்விக்கு வருவோம். செவ்ர் உருளையை அதன் சகோதரப் படிகளோடு ஒப்பிட்டபோது, நூறாண்டுகளில் அவற்றுக்கிடையே 50 மைக்ரோகிராம் அளவுக்கு வேறுபாடு வளர்ந்திருந்தது. மூலப்படி இளைத்ததா, மற்றவை பருத்தனவா? சொல்ல வழியில்லை, ஏனெனில் அதுவேதான் கிலோகிராம். பிளாங்க் 1899இல் தம் முறையில் கணித்த பொருண்மை அலகு 55.6 மைக்ரோகிராம். இரண்டும் நெருங்கியிருப்பது வெறும் தற்செயலே. ஆயினும், உலோகம் தவறவிட்ட அளவும் இயற்கை தரும் அலகும் ஏறத்தாழ ஒரே தூசியின் அளவு என்று எண்ணும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

2018 நவம்பர் 16ஆம் நாள் வெர்சாய் நகரில் கூடிய மாநாடு அந்த உருளைக்கு ஓய்வு கொடுத்தது. 2019 மே 20 முதல், பிளாங்க் மாறிலிக்கு ஒரு நிலையான மதிப்பு விதிக்கப்பட்டு, கிலோகிராம் அதிலிருந்தே பெறப்படுகிறது. ஒளிவேகம் 1983இலேயே வினாடிக்கு 299,792,458 மீட்டர் என நிலைநிறுத்தப்பட்டிருந்தது. போல்ட்ஸ்மன் மாறிலியும் 2019இல் நிலைபெற்றது. பிளாங்கின் கனவில் முக்கால் பங்கு நிறைவேறிவிட்டது.

எஞ்சிய கால் பங்கு ஈர்ப்பு மாறிலி. அதற்கு ஏன் இடம் கிடைக்கவில்லை? மாறிலிகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. ஆனால் மிகக் குறைந்த துல்லியத்தோடு அறியப்படுவதும் அதுவே. 1798இல் கவண்டிஷ் என்பவர் முறுக்குத் தராசும் கனத்த ஈயக் குண்டுகளும் கொண்டு செய்த சோதனையிலிருந்தே அதன் மதிப்பைப் பெறும் வழி பிறந்தது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் மதிப்பில் ஒரு இலட்சத்தில் இரண்டு பங்கு அளவுக்கு ஐயம் உள்ளது. 2018இல் சீனாவின் ஊகான் நகர ஆய்வாளர்கள் இரண்டு முறைகளில் மிகுந்த நுணுக்கத்தோடு அளந்தனர். ஒவ்வொன்றும் தனித்தனியே மிகத் துல்லியமானது. ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று முழுமையாக ஒத்துப்போகவில்லை. ஈர்ப்பு மிக மெலிந்த விசை. அதைத் தடுக்கும் திரையும் கிடையாது. பக்கத்துச் சுவரும், வெளியே போகும் வண்டியும், ஆய்வாளரின் உடலும்கூட ஈர்த்துக்கொண்டே இருக்கும்.

எனவே, நம்மை நிலத்தில் நிறுத்திவைத்திருக்கும் விசையின் எண்ணே நமக்குச் சரியாகத் தெரியாத எண்ணாக இருக்கிறது. ஈர்ப்பையும் குவாண்டத்தையும் இணைக்கும் கோட்பாடு, இழைக் கோட்பாடு, வளையக் குவாண்டம் ஈர்ப்பு என்று பல பெயர்களில் முயலப்படுகிறது. சோதனையால் உறுதிப்பட்டது ஒன்றுமில்லை. புரோன்ஸ்டைனின் வெறுமையான கட்டம் இன்னும் முழுமையாக நிரம்பவில்லை.

நம் வகுப்பறைக்கு

அந்த மாணவனுக்கு மறுநாள் நான் விடை சொன்னேன். "தம்பி, தொழிற்சாலைக் கல்லை நாட்டின் மூலப்படியோடு ஒப்பிட்டார்கள். நாட்டின் மூலப்படியை முன்பு பாரிசு உருளையோடு ஒப்பிட்டார்கள், இப்போது இயற்கையின் ஓர் எண்ணோடு ஒப்பிடுகிறார்கள்" என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "அந்த எண் மாறாது என்று யார் பார்த்தது?" என்றான்.

டிராக் கேட்ட கேள்வியும் அதுதானே!

கேள்வி கேட்கும் பிள்ளையை "பாடநூலில் இல்லை, உட்கார்" என்று அமர்த்திவிடுவது எளிது. நானும் அப்படிச் செய்த நாள்கள் உண்டு. ஆனால் எடிங்டனின் ஒரு நகைப்பு, ஓர் உண்மை பலராலும் ஏற்கப்படுவதைப் பல்லாண்டுகள் தள்ளிப்போட்டது. ஓர் அரசின் துப்பாக்கி ஒரு பெரும் வினாவைப் பாதியில் அறுத்தது. வகுப்பறையில் நம் சிறு சினம் அவற்றுக்கு ஈடாகாது என்பது உண்மைதான். எனினும், அதுவும் ஒரு கதவைச் சாத்துகிறது.

புரோன்ஸ்டைன் காட்டிய வழியே நமக்குரிய வழி. கடினமான செய்தியைப் பிள்ளைகளுக்கு விளங்கும் மொழியில் சொல்வோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வோம். வெறுமையான கட்டத்தையும் வெறுமையாகவே அவர்களுக்குக் காட்டுவோம். அதை நிரப்பப்போகிறவர் நம் தமிழ்ப்பள்ளியின் பின்வரிசையில் கையை உயர்த்திக்கொண்டு இருக்கலாம்.

பெற்றோர்களே, இன்றிரவு அடுக்களையில் அரிசியை அளக்கும்போது ஒரு மணியை எடுத்து உங்கள் பிள்ளையின் உள்ளங்கையில் வையுங்கள். இதை ஆயிரம் துகளாக்கினால் அதில் ஒரு துகள்தான் பிளாங்க் பொருண்மை என்று சொல்லுங்கள். பிறகு பிள்ளை கேட்கும் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்குங்கள்.